திருச்சியிலிருந்து வெளிநாட்டுக்கு: வான்தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முறை

டிக்கெட்டில் 4 மணி 15 நிமிடம் என்று இருக்கும். ஆனால் கும்பகோணத்தில் கார் ஏறியதிலிருந்து சிங்கப்பூர் சாங்கி நிலையத்தை விட்டு வெளியே வர 11 மணி நேரம் ஆகிவிடும்.

முதலில் தூரம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாக வரும், பூமி உருண்டை. திருச்சி 10.77 வடக்கு, 78.71 கிழக்கு, சாங்கி 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. இனி கால்குலேட்டரில் உள்ள சைன் (sin), கோசைன் (cos) போதும். அட்சரேகைகள் இரண்டின் சைன்களைப் பெருக்கினால் 0.0044. அவற்றின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசமான 25.28 பாகையின் கோசைனையும் பெருக்கினால் 0.8881. கூட்டுத்தொகை 0.8925. எந்தக் கோணத்தின் கோசைன் அது? 26.8 பாகை. பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் 2,980 கி.மீ. எக்ஸெலில் போடுகிறவர்கள் பாகையை ரேடியனாக (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) மாற்ற மறப்பதுண்டு. விடை அபத்தமாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி வேண்டும்.

அடுத்து பறக்கும் நேரம். விமானம் மணிக்கு 850 கி.மீ. போகிறது என்று வைத்து, தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்கவும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் அரை மணி கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 4 மணி வரும். டிக்கெட்டில் கால் மணி கூடுதலாக இருப்பது சகஜம். லண்டன் போன்ற மேற்குப் பயணத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், எதிர்காற்று நேரத்தைத் தின்னும். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். வான்வழி மூடப்பட்டாலும் சுற்றுதான். 2019-இல் பாகிஸ்தான் சில மாதங்கள் மூடியபோது வட இந்திய விமானங்கள் பட்ட பாடு தெரிந்ததே.

இனி, அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். 15-ஆம் தேதி 00:40-க்குப் புறப்பாடு, 07:25-க்கு இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இறங்கும்போது நமக்கு 04:55. 00:40 என்பது 14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பொழுது. 15-ஆம் தேதி ராத்திரி கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்!

மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும்: 21:40. கும்பகோணத்திலிருந்து சுமார் 95 கி.மீ., இரண்டரை மணி வையுங்கள். ஆக 14-ஆம் தேதி மாலை 7 மணிக்கு வண்டி நகர வேண்டும். முகூர்த்த நாளென்றால், பழைய சாலையில் பாபநாசம், அய்யம்பேட்டை கடைவீதிகளுக்காக இன்னும் முக்கால் மணி. குடிநுழைவு, பெட்டி எடுக்க ஒரு மணி சேர்த்தால் அந்த 11 மணி வந்துவிடும்.

நடுவில் விமானம் மாறிப் போகும் பயணத்தில் எந்த ஊர் வழியாக என்பதுதான் பெரிய விஷயம். திருச்சி–லண்டன் நேர்தூரம் 8,320 கி.மீ. துபாய் வழி 8,440. சிங்கப்பூர் வழியோ 13,860. மலிவு என்று பின்னதைப் பிடித்தால் உடம்புக்குத்தான் செலவு. இடைத்தங்கலை அந்த ஊர்க் கடிகாரத்தில் மட்டும் கணக்கிடுங்கள். லண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை. அதற்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.