வீட்டு போர்ட்டிகோவில் ஆல்டோவுக்கு கிளட்ச் மாற்றுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

கிளட்ச் மாற்றும் வேலையில், பிளேட்டை மாற்ற அரை மணி நேரம்தான் ஆகும். மீதி நேரமெல்லாம் கியர்பாக்ஸை இறக்கவும் திரும்ப ஏற்றவும் போய்விடும். மெக்கானிக் நாலைந்து மணி நேரத்தில் முடித்துவிடுவார். முதல்முறை செய்பவர் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் முழுசாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை அந்த காரில்தான் ஆபீஸ் போயாக வேண்டும் என்றால் இந்த வாரம் தொடாதீர்கள். அவசரம் வந்தால் கை தப்பு செய்யும்.

என் கார் பழைய மாருதி ஆல்டோ, 796 சிசி, கேபிள் கிளட்ச். நங்கநல்லூரில் வீட்டு போர்ட்டிகோவில் வைத்துச் செய்தேன். முன்சக்கரம் இழுக்கும் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு இந்த முறை பொருந்தும். உங்கள் காரில் ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) இருந்தாலோ, டீசல் காரில் இரண்டு பாகமாக வரும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (ஃப்ளைவீல் என்பது இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) இருந்தாலோ, அதில் முதல்முறை கை வைக்க வேண்டாம்.

முதலில், கிளட்ச்தான் போயிருக்கிறதா?

சென்னை போக்குவரத்தில் கிளட்ச் சீக்கிரம் தேய்வது ஆச்சரியமில்லை. மெட்ரோ வேலை நடக்கும் மவுன்ட் பூந்தமல்லி ரோட்டில் அடிக்கு அடி ஹாஃப் கிளட்சில் நகர்கிறோம். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது நெரிசல் என்றால், பிரேக்குக்குப் பதில் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறோம். ஆனாலும் வண்டி இழுக்கவில்லை என்றதும் பிளேட் வாங்க ஓடாதீர்கள்.

காலியான ரோட்டில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. அப்போதும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதல் 15, 20 மி.மீ. தூரம் எதிர்ப்பில்லாமல் லேசாகப் போக வேண்டும். அந்த ஃப்ரீ பிளே துளியும் இல்லையென்றால், கேபிள் இறுகிப்போய் கிளட்சை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் தளர்த்தினாலே சரியாகிவிட வாய்ப்புண்டு. எனக்கு அப்படித்தான் இரண்டு மாதம் ஓடியது. பிறகு தளர்த்தவும் இடமில்லாமல் போனது, அப்போதுதான் பிளேட் முடிந்தது என்று உறுதியானது.

பெடலை மிதிக்கும்போது மட்டும் உரசும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்ததும் கிளட்சை விடுவிக்கும் பேரிங்) மேல் சந்தேகப்படுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றுபோனால் அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட்டிலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு) பேரிங், கிளட்ச் மாற்றினாலும் தீராது.

வாங்க வேண்டியவை

கிளட்ச் பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து ஒரே கிட்டாக வாங்குங்கள். பிளேட் மட்டும் மாற்றிவிட்டு, பேரிங் ஆறு மாதத்தில் கத்த ஆரம்பித்தால் இதே இரண்டு நாள் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். கூடவே கியர்பாக்ஸின் இரண்டு டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) ஆயில் சீல், கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு) பின்பக்க ஆயில் சீல், கையேட்டில் சொன்ன கிரேடில் கியர் ஆயில், ஒரு கிளட்ச் கேபிள்.

ஜி.பி. ரோட்டில் இவை எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். மாடல், வருஷம், முடிந்தால் சேசிஸ் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பழைய பாகங்களுக்கு புதுப்பேட்டை நல்ல இடம். மவுன்டிங் பிராக்கெட், போல்ட் போன்றவற்றை நானே அங்கேதான் வாங்குவேன். ஆனால் கிளட்ச் பிளேட்டை மட்டும் பழையதாகவோ, மறுபடி லைனிங் (பிளேட்டின் உராயும் பட்டை) ஒட்டியதாகவோ வாங்காதீர்கள்.

கருவிகளில் 10 முதல் 19 வரை ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும், நீளமான எக்ஸ்டென்ஷன், டார்க் ரெஞ்ச் (அளவு பார்த்து இறுக்கும் ஸ்பானர்), இரண்டு ஜாக்கி, தூக்கிய காரைத் தாங்க இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்த கிளட்ச் சென்டரிங் டூல். இவற்றில் ஆக்சில் ஸ்டாண்டுக்கும் சென்டரிங் டூலுக்கும் மாற்று தேடாதீர்கள்.

காரைத் தூக்குவது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் காருக்கு அடியில் முட்டுக்கொடுக்காதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், நொறுங்கும்போது முன்னறிவிப்பு தராது.

சமதளமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொண்டு, முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். போர்ட்டிகோவில் டைல்ஸ் போட்டிருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பிளைவுட் துண்டு போடுங்கள். இல்லாவிட்டால் டைல்ஸ் வெடிக்கும், ஸ்டாண்டும் வழுக்கும். கடைசியாக, பம்பரில் கை வைத்து வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் முன்சக்கரங்களைக் கழற்றி அடியில் போக வேண்டும். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

மே மாதம் என்றால் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வியர்வையில் ஸ்பானர் கையில் நிற்காது.

கியர்பாக்ஸ் வரைக்கும்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். அப்புறம் பேட்டரி, ஏர் ஃபில்டர் டப்பா, கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஸ்விட்சின் ஒயர், எர்த் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள். கியர்பாக்ஸைச் சுற்றி வரும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நான் ஒரு அட்டையில் கியர்பாக்ஸின் வட்டத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே ஒவ்வொரு போல்ட்டையும் குத்தி வைத்தேன்.

கியர் ஆயிலை வடித்துவிடுங்கள். அதற்கு முன்னால், ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்து அசையவில்லை என்றால் திரும்ப நிரப்ப வழி இருக்காது.

அடுத்து டிரைவ் ஷாஃப்ட், நம் பேச்சுவழக்கில் ஆக்சில். ஹப் நட்டைக் கழற்ற வேண்டியதில்லை. லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்து, ஸ்டெபிலைசர் பாரின் பிராக்கெட்டையும் தளர்த்தினால், ஆர்மைக் கீழே அழுத்தி சக்கரப் பக்கத்தை வெளியே இழுக்க முடியும். பிறகு ஆக்சிலின் உள்முனைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு டயர் லீவரை விட்டு நெம்பினால் 'டக்' என்று வெளியே வரும். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஜாயின்ட் பிரிந்துவிடும். வெளியே வந்ததைத் தொங்க விடாமல் ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள்.

கியர் லீவரிலிருந்து வரும் ராடையோ கேபிளையோ பிரியுங்கள். ஃப்ளைவீலுக்குக் கீழே இருக்கும் தகட்டையும் எடுங்கள்.

இறக்குவது

கியர்பாக்ஸ் பக்கத்து மவுன்டிங்கைக் கழற்றினால் இன்ஜின் ஒரு பக்கம் சாயும். அதனால் அதற்கு முன்பே, ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) அடியில் அகலமான மரப்பலகை வைத்து ஒரு ஜாக்கியால் தாங்கிக்கொள்ளுங்கள். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராக வைத்தால் சம்ப் நசுங்கும். இரண்டாவது ஜாக்கி கியர்பாக்ஸுக்கு.

மவுன்டிங்கை எடுத்து, கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் போல்ட்டுகளை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். ஜாக்கி எடையை வாங்கிக்கொண்டது தெரிந்த பிறகு அந்தக் கடைசி போல்ட். இப்போது கியர்பாக்ஸை லேசாக அசைத்து, இன்ஜினிலிருந்து நேராகப் பக்கவாட்டில் இழுங்கள். இன்புட் ஷாஃப்ட் பிளேட்டை விட்டு முழுசாக வெளியே வரும் வரை கீழே சாயக் கூடாது. இந்த நேரத்தில் இரண்டு பேர் வேண்டும். சின்ன கியர்பாக்ஸ்தானே, கையாலேயே வாங்கிவிடலாம் என்று தோன்றும். மல்லாந்து படுத்தபடி அந்த எடையை மார்பில் வாங்கிக்கொள்ள முடியாது.

கிளட்ச்

இப்போது பிரஷர் பிளேட் கண்ணுக்குத் தெரியும். அங்கே இருக்கும் கறுப்புத் தூளை ஊதாதீர்கள், காற்றுக்குழாயும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று என்று தளர்த்திக் கழற்றுங்கள். ஃப்ளைவீல் சுற்றாமல் இருக்க பல்சக்கரத்தில் ஒரு கெட்டி ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து ஒருவர் பிடிக்கட்டும். பழைய பிளேட்டைப் பாருங்கள். ரிவெட்டின் தலைக்கும் லைனிங்கின் மேல்பரப்புக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் அது முடிந்துவிட்டது. பிளேட்டில் எண்ணெய் இருந்தால் ஆயில் சீல் ஒழுகுகிறது. அதை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் கெட்டுவிடும். ஃப்ளைவீலில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலோ, நீலம் பாரித்து வெடிப்பு தெரிந்தாலோ, கழற்றி லேத் பட்டறையில் காட்டுங்கள். ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

புது பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். இல்லையென்றால், நடுப்பகுதி புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். அதன்பின் கைபடக் கூடாது.

இனி சென்டரிங், முழு வேலையும் இதில்தான் நிற்கிறது. பிளேட் எதிலும் மாட்டி இருப்பதில்லை. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே அழுத்தத்தால் மட்டும் நிற்கிறது. இறுக்கும்போது ஒன்றிரண்டு மி.மீ. கீழே இறங்கிவிட்டால், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பிளேட் வழியாகப் போய் அந்தச் சின்ன பேரிங்கில் உட்காராது. டூலைப் பிளேட்டில் செருகி, முனை பேரிங்குக்குள் போனதை உறுதி செய்துகொண்டு, பிரஷர் பிளேட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், என் காருக்கு 23 நியூட்டன் மீட்டர். முடிந்ததும் டூல் வழுக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும், திரும்ப அதே மாதிரி உள்ளே போகவேண்டும்.

ரிலீஸ் பேரிங்கை மாற்றுங்கள். புதியதை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள், உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும். இன்புட் ஷாஃப்ட்டின் பற்களுக்கும், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் உட்காரும் இடத்துக்கும் மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். அதிகம் தடவினால் சுற்றும்போது தெறித்து பிளேட்டில் விழும். டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல்களையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஏற்றுவது

எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் பாதி இதிலேயே போனது. டூல் இல்லாமல் கண் பார்வையில் பிளேட்டை வைத்திருந்தேன். கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. தம்பியும் நானும் எவ்வளவு தள்ளியும் நகரவில்லை. நீள போல்ட்டு போட்டு இறுக்கி இழுத்துவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தபோது, எதிர்வீட்டு மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "தம்பி, நிறுத்து! கியர்பாக்ஸ் தானா வந்து உட்காரணும். போல்ட்டு போட்டு இழுத்தா ஹவுசிங் உடையும், இல்லன்னா பிளேட்டோட நடு கோணிக்கும்" என்றார். அவரிடமே டூல் வாங்கி, எல்லாவற்றையும் இறக்கி மறுபடி சென்டர் செய்தோம். அடுத்த தடவை ஐந்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டது.

கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றி, இன்ஜினுக்கு நேர்க்கோட்டில் வையுங்கள். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவு இருக்க வேண்டும். ஷாஃப்ட் பிளேட்டைத் தொட்டதும் மாட்டவில்லை என்றால், கியர்பாக்ஸை ஏதாவது ஒரு கியரில் போட்டு, ஒரு ஆக்சிலை மட்டும் செருகி மெதுவாகத் திருப்புங்கள். அல்லது ஒருவர் கிராங்க் புல்லியை சாக்கெட்டால் கொஞ்சம் சுற்றட்டும். பற்கள் சேர்ந்ததும் உள்ளே போகும். எக்காரணம் கொண்டும் கியர்பாக்ஸின் எடையைப் பிளேட்டின் மேல் தொங்கவிடாதீர்கள். முகத்தோடு முகம் சேர்ந்த பிறகே போல்ட்டு.

மற்றதெல்லாம் கழற்றிய வரிசைக்கு நேர்மாறு. ஆக்சிலின் உள்முனையைத் தள்ளும்போது கிளிப் மாட்டும் சத்தம் கேட்க வேண்டும், கையால் இழுத்தால் வரக் கூடாது. பால் ஜாயின்ட் போல்ட்டை மறந்துவிடாதீர்கள். கியர் ஆயிலை, நிரப்பும் ஓட்டையின் விளிம்பில் வழியும் வரை ஊற்றுங்கள். வடித்த பழைய ஆயிலை சாக்கடையில் கொட்டாமல் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கிளட்ச் கேபிளை மாட்டி ஃப்ரீ பிளே வையுங்கள். நான் 20 மி.மீ. வைத்தேன். கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே, அடியிலும் முன்னாலும் யாரும் இல்லாமல், இன்ஜினை ஸ்டார்ட் செய்து கிளட்ச் மிதித்து முதல் கியர், ரிவர்ஸ் இரண்டும் போட்டுப் பாருங்கள். பல் உரசும் சத்தம் இல்லாமல் விழ வேண்டும். கிளட்ச் மிதித்திருக்கும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் சக்கரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஃப்ரீ பிளே அதிகம்.

கீழே இறக்கி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சில் இறுக்கிவிட்டு, முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே. புது பிளேட் ஃப்ளைவீலோடு படிய கொஞ்ச நாள் ஆகும். முதல் 500 கி.மீ. வரை வேகமாகக் கிளப்பாதீர்கள், ஏற்றத்தில் கிளட்சில் பிடித்து நிற்காதீர்கள். அன்று இரவு காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் சொட்டு எண்ணெய் இருந்தால் எந்தச் சீல் என்று இடத்தை வைத்தே தெரிந்துவிடும். 500 கி.மீ. ஆனதும் பெடலின் ஃப்ரீ பிளேயை இன்னொரு தடவை அளந்து, கேபிள் நட்டில் சரிசெய்துகொள்ளுங்கள்.