கிரெடிட் கார்டோடு வரும் பயணக் காப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சியில் விமான டிக்கெட்டும் விசாவும் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கோடை வந்தால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரால் எங்கள் அலுவலகம் நிறைந்துவிடும். இந்த முறை கவுன்ட்டரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "உங்கள் மகன் கார்டிலேயே இன்சூரன்ஸ் இருக்கிறதே அம்மா, தனியாக எதற்கு?" என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோரும் முதல் வருடத்தில் சொல்லும் வாக்கியம் அது. அவர்களுக்காகவும், அவர்கள் எதிரே உட்கார்ந்து தலையாட்டுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் எண்ணைப் பிழையாக எழுதுவது, ரசீதைத் தொலைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

'1 கோடி' என்றதும் மருத்துவச் செலவு என்று நினைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கார்டு விளம்பரத்தில் '1 கோடி ரூபாய் வரை காப்பீடு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பக்கத்தின் அடிக்குப் போனால், பெரும்பாலான கார்டுகளில் அது விமான விபத்து மரணக் காப்பீடு என்பது தெரியவரும். விமானப் பயணத்தில் விபத்து நேர்ந்து கார்டுதாரர் இறந்தால், அவருடைய நாமினிக்கு அந்தத் தொகை கிடைக்கும். போன இடத்தில் நெஞ்சுவலி வந்தால் கிடையாது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் கிடையாது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு நியூஜெர்சி கிளம்பினார். டிக்கெட்டைப் பெங்களூரில் இருக்கும் மகன் தன் கார்டில் எடுத்தார். தனியாக ஒரு பயணப் பாலிசி எடுத்துவிடலாம் என்று நாங்கள் சொன்னபோது, "என் கார்டில் 1 கோடி இருக்கிறது சார், வீணாக எதற்கு இன்னொன்று?" என்றார் மகன். அவர் படித்தவர், பொறுப்பானவர். பணத்தை மிச்சம்பிடிக்கும் கருமித்தனத்தில் அவர் அப்படிச் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பினார்.

போய்ச் சேர்ந்த சில வாரங்களில் பெரியவருக்குப் பித்தப்பையில் கல் அடைத்துக்கொண்டது. இரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் அவசர நோயாளியைப் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்க வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. அதனால் சிகிச்சைக்குக் குறைவில்லை. ஆனால், அந்தச் சட்டம் பில்லைத் தள்ளுபடி செய்வதில்லை. மருத்துவமனை தனியாக, அறுவை மருத்துவர் தனியாக, மயக்க மருந்து கொடுத்தவர் தனியாக என்று மகள் வீட்டுக்குத் தபாலில் பில்கள் வந்தன. மொத்தம் ஐந்து இலக்க டாலர். மகன் வங்கியை அழைக்க, வங்கி காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்தது. அங்கிருந்து வந்த பதில் இரண்டே வரி: இது விமான விபத்துக்கானது, காப்பீடு பெற்றவர் கார்டுதாரர் மட்டுமே. ஒரே நம்பிக்கைக்குள் இரண்டு தவறுகள். மகனுடைய கார்டு, படுத்திருந்தவர் அப்பா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்வதேச விமானப் பயணத்தில் பயணி விபத்தில் இறந்தால், விமான நிறுவனமே இழப்பீடு தந்தாக வேண்டும். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. இந்தியா அதில் 2009இல் இணைந்தது. 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். வரை 'எங்கள் மேல் குற்றமில்லை' என்று விமான நிறுவனம் வாதாடித் தப்பிக்க முடியாது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் அந்தத் தொகை ஒன்றரைக் கோடிக்கு மேல் வரும். ஆக, கார்டு தரும் 1 கோடி, மிக அரிதாக நடப்பதும் ஏற்கெனவே பாதுகாப்பு உள்ளதுமான ஓர் இடத்தில் போய் நிற்கிறது. மழைக்கோட்டின் மேல் இன்னொரு மழைக்கோட்டை மாட்டிவிட்டு, முள்ளில் வெறுங்காலோடு நடக்கவிடுவது போன்ற ஏற்பாடு இது.

எல்லாக் கார்டுகளும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆண்டுக் கட்டணம் அதிகமுள்ள சில கார்டுகளில், வெளிநாட்டில் அவசர மருத்துவமனைச் செலவுக்கென்று தனி வரியே இருக்கும். இருந்தால், அந்த வரியோடு நிறுத்திவிடாதீர்கள். வரம்பு எத்தனை லட்சம், எந்த வயது வரை, ஒரு பயணத்தில் எத்தனை நாள் வரை, மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவார்களா அல்லது நாம் கட்டிவிட்டுக் கேட்க வேண்டுமா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய விதியைப் படியுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாதவரை எங்கள் கவுன்ட்டரில் நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். அந்த நோய்களோடு தொடர்புடைய சிகிச்சை என்று எழுதிவிட்டால், பெரும்பாலான பாலிசிகளில் கிளெய்ம் அங்கேயே முடிந்தது.

விசாவுக்குக் கார்டுக் காப்பீட்டைக் காட்டலாம் என்று நினைப்பது

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். தங்கும் நாட்கள் முழுவதும், ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் அது செல்ல வேண்டும். நோயுற்றாலோ இறந்தாலோ ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். பயணியின் பெயரும் தேதிகளும் போட்ட சான்றிதழைக் கேட்பார்கள். கார்டையோ வங்கியின் விளம்பரத் தாளையோ நீட்டிப் பயனில்லை.

டிக்கெட் பணம் எந்த வழியில் போனது என்று பார்க்காமல் விடுவது

பல கார்டுகளில், டிக்கெட் கட்டணம் முழுவதும் அந்தக் கார்டிலேயே செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதியை ரிவார்டு புள்ளிகளில் கழித்து மீதியைக் கார்டில் கட்டியவர், பரிசுக் கூப்பனைப் பயன்படுத்தியவர், வாலட்டில் பணத்தை ஏற்றி அதிலிருந்து கட்டியவர் ஆகியோரெல்லாம் சந்தேக வட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். எங்களைப் போன்ற முகவர்களிடம் டிக்கெட் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் எங்களுக்கு ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலோ பணம் தருகிறீர்கள். நாங்கள் எங்கள் கணக்கிலிருந்து டிக்கெட் போடுகிறோம். அந்தப் பரிவர்த்தனையில் உங்கள் கார்டு எங்குமே இல்லை. கார்டின் காப்பீடு வேண்டுமென்றால், கார்டிலேயே கட்டணம் வசூலிக்கும்படி எங்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேறு சில கார்டுகள் டிக்கெட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கடந்த 30, 60 அல்லது 90 நாளுக்குள் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கும். பயணத்துக்கென்று பத்திரமாக அலமாரியில் பூட்டி வைத்த கார்டு இங்கேதான் காலை வாரும்.

குடும்பம் முழுவதற்கும் காப்பீடு உண்டு என்று நினைப்பது

பெரும்பாலும் இல்லை. கூடுதல் கார்டு வைத்திருக்கும் மனைவிக்கு உண்டா என்பதுகூட வங்கிக்கு வங்கி மாறும்.

நாமினி பெயரைப் பதியாமல் விடுவது

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, காப்பீட்டோடு கார்டு தரும் வங்கி, கார்டுதாரரின் ஒப்புதலையும் நாமினி விவரத்தையும் பெற வேண்டும்; அந்த விவரம் காப்பீட்டு நிறுவனத்திடம் பதிவாவதை உறுதிசெய்ய வேண்டும்; அந்த நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அடங்கிய கடிதத்தையும் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கிறதா? நான் கேட்கும்போது பலர் விழிக்கிறார்கள். மின்னஞ்சலில் தேடுங்கள். இல்லையென்றால் வங்கியிடம் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி வரவில்லை என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது

இரவு விமானத்தில் களைத்து இறங்கியவர்கள், பெட்டி வரவில்லையென்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிடுகிறார்கள். வரக்கூடாது. சுங்கப் பகுதியைத் தாண்டுவதற்கு முன், விமான நிறுவனத்தின் பெட்டிகளுக்கான கவுன்ட்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தைப் பதிந்து நகல் வாங்க வேண்டும். அது இல்லாமல் கார்டுக் காப்பீட்டில் எந்த கிளெய்மும் நகராது. விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கவும் கெடு உண்டு: சேதமடைந்த பெட்டி என்றால் கையில் வாங்கிய 7 நாளுக்குள், தாமதமாக வந்தது என்றால் 21 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி பெட்டிகளுக்கான உச்சவரம்பு இப்போது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். கார்டுக் காப்பீட்டின் வரம்பு பல சமயம் இதைவிடக் குறைவு. ஆகவே முதலில் விமான நிறுவனத்தின் கதவைத் தட்டுங்கள்.

விமானம் தாமதமானால், எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்று விமான நிறுவனத்திடம் எழுதி வாங்க வேண்டும். போர்டிங் பாஸைப் படமெடுத்து வையுங்கள். செயலியில் இருக்கும் பாஸ் பயணம் முடிந்த பிறகு மறைந்துவிடுவது உண்டு. பெட்டித் தாமதத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சில பாலிசிகள் சொந்த ஊருக்குத் திரும்பும்போது தாமதமாகும் பெட்டியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வீட்டில்தான் மாற்றுத்துணி இருக்குமே என்பது அவர்கள் வாதம். ஒருவர் ஊர் திரும்பிய மறுநாளே புது வேட்டி, சட்டை, ஷேவிங் பொருட்கள் வாங்கி, ரசீதுகளை வரிசையாக ஒட்டி அனுப்பினார். ஒரு பைசா வரவில்லை.

போன வருடத்து பாலிசி பிடிஎஃபை நம்புவது

கார்டுக் காப்பீடு என்பது வங்கியின் பெயரில் உள்ள குழுக் காப்பீடு. புதுப்பிக்கும்போது நிறுவனமும் மாறலாம், தொகையும் மாறலாம், சலுகையே நின்றும் போகலாம்.

கார்டு பாக்கி

பாக்கி கட்டாததால் முடக்கப்பட்ட கார்டுக்குக் காப்பீடு இல்லை.

தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடைவது

வாடிக்கையாளர் சேவை மையத்தில் எடுப்பவர் "காப்பீடு இருக்கிறது சார்" என்பார். அது பொய்யல்ல. ஆனால் எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று அவர் திரையில் இருக்காது. மின்னஞ்சலில் கேளுங்கள்: நடப்புப் பாலிசியின் எண் என்ன, சான்றிதழை அனுப்ப முடியுமா, வெளிநாட்டு மருத்துவமனைச் செலவு அடங்குமா, என்னோடு வரும் என் 68 வயது அம்மாவுக்கு அது பொருந்துமா, இந்த டிக்கெட்டை எப்படிச் செலுத்தினால் காப்பீடு செல்லும்? பதில் வரத் தாமதமாகும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பயண நாள் நெருங்கியும் பதில் வராவிட்டால், அந்தக் கார்டில் மருத்துவக் காப்பீடு இல்லை என்றே வைத்துக்கொண்டு தனிப் பாலிசி எடுக்கச் சொல்கிறோம். இந்தியாவில் விற்கும் பயணப் பாலிசிகளைப் பொதுவாக விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள்.