ஜாஸ் கிட்டாரில் மோகனம்: புதுச்சேரிக் கலைஞருக்கு ஒரு வழிமுறை

ஜாஸ் வாசிப்பில் கர்நாடக இசையைக் கலக்க விரும்பும் கிட்டார் கலைஞர் முதலில் ஒரு ராகத்தையாவது வாய்ப்பாட்டாகக் கற்றுக்கொள்ள வேண்டும். 1970களில் ஜாஸையும் இந்திய இசையையும் கலந்த 'சக்தி' குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினே வீணை பயின்றவர்தான். நம் ஊரில் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசை கற்பிக்கிறார்கள். வீட்டில் சொல்லித்தரும் ஆசிரியரும் போதும்.

மோகன ராகத்தில் தொடங்கலாம். ஸ, ரி, க, ப, த என்ற அதன் ஐந்து ஸ்வரங்களும் மேஜர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையாக ஏற்கெனவே கைக்குப் பழகியவை. சிக்கல், பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டில்தான் வரும். ஸட்ஜத்தை (ஸ) 'சி'யில் வைத்தால், ஜாஸில் ஓயாமல் வரும் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 வரிசையில் முதல் இரண்டு கார்டுகளில் மத்திமமும் (ம) கடைசி இரண்டில் நிஷாதமும் (நி) நுழைந்துவிடும். மோகனத்தில் இரண்டுக்கும் இடமில்லை. மாறாக, சி 6/9 கார்டில் அந்த ஐந்து ஸ்வரங்களைத் தவிர வேறெதுவும் கிடையாது. அதையும் ஏ மைனர் 7-ஐயும் மட்டும் மாற்றி மாற்றி வாசித்தால் ராகம் கெடாது.

அடுத்தது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் வாசிப்பது. ஃப்ரெட்டுகளை மாறி மாறி அழுத்தினால் கேட்பது படிக்கட்டுதான், கமகம் அல்ல. ரிஷபத்தின் (ரி) ஃப்ரெட்டில் விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, காந்தாரத்தை (க) தொட்டு, விரலை எடுக்காமலேயே திரும்ப வேண்டும். இதற்கு மெல்லிய தந்திகளே ஏற்றவை. கடற்காற்றில் அவை சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் வாசித்தவுடன் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

தாளத்திற்கு, 'தகதகிட' என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை சொல்லி ஒரு மாத்திரை இடைவெளி விட்டால் பதினாறு மாத்திரை வரும். அடிக்கு நான்கு மாத்திரையாக, 4/4 தாளத்தின் ஒரு சுற்று சரியாக முடியும்.

வருமானம் பெரும்பாலும் வார இறுதியில் சுற்றுலாப் பயணிகள் வரும் உணவகங்களிலிருந்துதான். அங்கே நீண்ட ஆலாபனைக்குக் காது கொடுப்பவர் குறைவு. பழகிய ஜாஸ் உருப்படிகளுக்கிடையே உங்கள் மோகனத்தை ஐந்து நிமிடம் வையுங்கள். முழுதாக வாசிக்க, ஜூன் 21 அன்று நடக்கும் இசைத் திருநாள் (ஃபெத் த லா மியூசிக்) நல்ல வாய்ப்பு. உணவகத்தில் பேசும் சம்பளத்தை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஓரிடத்தில் மூன்று மாதம் வாசித்த எனக்குப் பாதித் தொகைதான் கைக்கு வந்தது.