கார்வையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது: நாதானுசந்தானம் பழகும் முறை

30 வருஷமாகக் கச்சேரிகளில் தம்புரா போடுகிறவள் நான். அநாகத நாதம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் முதலில் தம்புராவைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

தம்புராவில் நான்கு தந்திகள்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். தந்திக்கும், அது ஏறி நிற்கும் குதிரை என்ற கட்டைக்கும் நடுவில் ஒரு பருத்தி நூலைச் செருகுவோம். அதற்கு ஜீவா என்று பெயர். அந்த நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் தந்தி சட்டென்று வாய் திறக்கும். அதுவரை 'டங்' என்று செத்துக் கிடந்த ஒலி விரிந்து அறையெல்லாம் நிறையும். சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தால், அப்போது மந்தரத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் கேட்கும். நாம் மீட்டியது ஸட்ஜமும் பஞ்சமமும்தான். காந்தாரத்தை யாரும் தொடவில்லை. தானாக எழுவதால் அதை ஸ்வயம்பு ஸ்வரம் என்கிறார்கள். மந்தர ஸட்ஜத்தைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் அதிரும் கிளை ஒலி அது.

நுணுக்கிப் பார்த்தால் அதுவும் தந்தியை மீட்டியதால் வந்ததுதான். அதனால் உவமையாக மட்டும் சொல்கிறேன். இரண்டு பொருள்கள் மோதியோ உரசியோ பிறக்கும் ஒலி ஆகதம். நம் பேச்சும் அதில் சேர்ந்ததே, காற்று குரல்நாணில் மோதித்தான் குரல் வருகிறது. எதுவும் எதிலும் மோதாமல் இருப்பது அநாகதம். நெஞ்சில் 12 இதழ்த் தாமரையாகச் சொல்லப்படும் சக்கரத்துக்கும் அதே பெயர்தான். சைவ சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களில் உச்சியில் இருப்பது நாதம். அங்கிருந்துதான் மற்றவை படிப்படியாக இறங்கி வருகின்றன, கடைசியில் மண் வரை. ஆக, உள்ளே ஒலியைக் கேட்கப் பழகுவது சிருஷ்டி இறங்கிவந்த வழியிலேயே மனம் திரும்பி ஏறுவதாகும். இந்தப் பொருள் மனதில் இருந்தால்தான் பழக்கம் வெறும் காதுப் பயிற்சியாக நின்றுவிடாது.

15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகை என்ற யோக நூலின் நான்காம் அத்தியாயம் இதை விரிவாகப் பேசுகிறது. ஆதிநாதராகிய சிவன், மனம் லயமாவதற்கு, அதாவது கரைந்து ஒடுங்குவதற்கு, ஒன்றேகால் கோடி வழிகள் சொன்னார், அவற்றில் நாதானுசந்தானமே தலையாயது என்கிறது. அனுசந்தானம் என்றால் விடாமல் பின்தொடர்வது. இந்தச் சொல்லுக்குள்ளேயே செய்முறை அடங்கியிருக்கிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? கண்ணை மூடிக்கொண்டு நேராக உள்ளே தேட வேண்டாம். நான் அப்படித்தான் ஆரம்பித்து எட்டு மாதம் வீணாக்கினேன். முதலில் வெளி ஒலியில் காதைப் பழக்குங்கள்.

ஒரு வெண்கல மணி இருந்தால் நல்லது. அடித்தால் ஓசை கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. முதுகு நிமிர்ந்து வசதியாக உட்கார்ந்து ஒரே ஒரு தடவை அடியுங்கள். அடி விழுந்த ஓசையை விட்டுவிட்டு, அதன் பின் நீண்டு நிற்கும் கார்வையைப் பிடியுங்கள். அது மெலிந்துகொண்டே போகும். முடிந்துவிட்டது என்று மனம் சொல்லும்போது நம்பாமல் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். பெரும்பாலும் அப்போதும் நூல் போல ஒன்று இருக்கும். என் மணியின் கார்வை முதல் நாள் எனக்கு 8 விநாடிதான் கேட்டது. மூன்றாவது வாரம் 20 விநாடியைத் தாண்டியது. மணி அதேதான். ஒலி நிஜமாகவே அடங்கிய பிறகு இன்னொரு அரை நிமிஷம் அப்படியே இருங்கள். காது திறந்திருக்கும், ஆனால் கேட்பதற்கு எதுவும் இருக்காது. அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் மணியே. தினம் பத்துத் தடவை, மூன்று வாரமாவது செய்துவிட்டு மேலே போங்கள்.

எனக்கு இதைச் சொல்லித்தந்த பெரியவர் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காதைத் தீட்டாதீங்கம்மா, காதைத் தளர்த்துங்க" என்றார். நான் புருவத்தைச் சுருக்கி, தாடையை இறுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்களும் உங்கள் தாடையைத் தொட்டுப் பாருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொண்டிருந்தால் விலக்குங்கள். நாக்கு அண்ணத்தை அழுத்தாமல் கிடக்கட்டும். தாடை இறுகினாலே காதுக்குள் ஒருவித இரைச்சல் வரும், அதைத்தான் பலர் நாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது பிராமரி, வண்டு போல ரீங்காரம் செய்வது. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மடலை விரலால் மெதுவாக அழுத்தி அடைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்து, வாயை மூடியபடி 'ம்' என்று நீளமாக விடுங்கள். சத்தம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இயல்பான சுருதியில், எண்ணெய் ஒழுகுவது போல இடையறாமல் வந்தால் போதும். தைலதாரை போலவும் நீண்ட மணியோசை போலவும் பிரணவம் ஒலிக்க வேண்டும் என்று உபநிஷத்தே சொல்கிறது. ஏழு சுற்று முடிந்ததும் கையை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். 12 மந்திரங்களே உள்ள மாண்டூக்ய உபநிஷத் ஓங்காரத்தின் அகாரம், உகாரம், மகாரத்துக்கு அப்பால் மாத்திரை என்ற ஒலி அளவே இல்லாத நான்காவது ஒன்றைச் சொல்கிறது. ரீங்காரம் நின்ற பின் இருக்கும் அமைதிக்குக் காது கொடுப்பது அந்த நான்காவதை நோக்கித்தான்.

இப்போது உள்ளே கேட்கலாம். விடியலுக்கு முன், இல்லையென்றால் இரவு வீடு அடங்கிய பிறகு, 15 நிமிஷம் போதும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நூல்கள் வலது காதில் கேட்கச் சொல்கின்றன, கவனத்தை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். காதை அடைக்கத் தேவையில்லை என்பது என் அனுபவம். ஷண்முகி முத்திரை செய்ய விரும்புகிறவர்கள் கட்டைவிரலால் காதையும், ஆள்காட்டி விரலால் மூடிய இமையையும், நடுவிரலால் மூக்கின் பக்கத்தையும், மற்ற இரண்டால் உதட்டின் மேலும் கீழும் தொடுவார்கள். தொட்டால் போதும். கண்விழியை அழுத்தக் கூடாது, மூச்சு தாராளமாகப் போய்வர வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கட்டைவிரலால் காதை அடைத்ததும் தூரத்து இடி போல ஒரு குமுறல் கேட்கும். நூல்கள் சொல்லும் மேக நாதம் வந்துவிட்டது என்று முதல் நாள் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அது விரலிலும் கையிலும் உள்ள தசைகள் நொடிக்கு 20, 30 தடவை துடிக்கும் ஓசை. 1810-லேயே வோலஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். நீங்களே சோதிக்கலாம்: விரலுக்குப் பதில் பஞ்சால் காதை அடைத்துப் பாருங்கள், குமுறல் பெருமளவு அடங்கிவிடும். ரத்த ஓட்டமும் கேட்கும், மெல்லிய கீச்சொலியும் இருக்கும். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். இதில் மனம் உடைய எதுவும் இல்லை. உடம்பின் ஓசையை உடம்பின் ஓசை என்று தெரிந்துகொண்டே அதைப் படியாக வைத்து ஏறலாம். ஸ்தூலத்தில் தொடங்கி சூக்ஷ்மத்துக்குப் போ என்றுதான் நூலும் சொல்கிறது.

ஏறுவது எப்படி என்றால் இப்படித்தான்: கேட்கும் ஒலியோடு கொஞ்ச நேரம் இருங்கள். சற்றுப் பொறுத்து அதன் பின்னால் இன்னும் மெல்லிய ஒன்று இருப்பது தெரியும், பஞ்சமத்துக்குப் பின்னால் காந்தாரம் தெரிவது போல. முன்னால் இருக்கும் தடித்த ஒலியைத் துரத்த வேண்டாம், மெல்லியதன் பக்கம் கவனத்தை நகர்த்துங்கள். அது நிலைத்ததும் அதற்கும் பின்னால். நடுவில் மனம் ஓடிப்போகும். ஓடியது தெரிந்தவுடன், கடைசியாகப் பிடித்திருந்த ஒலிக்கே திரும்பி வாருங்கள். புதிதாக ஒன்றைத் தேடாதீர்கள்.

என்னென்ன ஒலி கேட்கும் என்று எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பத்தைச் சொல்கிறது: மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். ஹடயோக பிரதீபிகையில் கடலும் மேகமும் ஆரம்பத்தில் வருகின்றன, வண்டும் வீணையும் முடிவில். ஹம்ஸ உபநிஷத்திலோ மேகம்தான் பத்தாவது, கடைசி. ஒன்றுக்கொன்று தலைகீழ். ஆகவே பட்டியலை மார்க் ஷீட்டாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வீணாக்கிய அந்த எட்டு மாதமும் குழலோசைக்குக் காத்திருந்த மாதங்கள்தான். இன்று வரை எனக்குக் குழல் கேட்டதில்லை. கேட்பது வண்டின் ரீங்காரம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரிவதில்லை.

ஒலி எங்கே கொண்டுவிடும்? அதுவும் கரைந்துவிடும் என்கிறார் சுவாத்மாராமர். ஒலி இருக்கும் வரை ஆகாசம் என்ற எண்ணம் இருக்கும், ஒலியற்றதே பரப்பிரம்மம் என்பது அவர் வாக்கு. மணியின் கார்வை அடங்கிய பின் அரை நிமிஷம் இருந்தோமே, அதன் முழு வடிவம் இது. அப்படி ஒலி மறையும்போது பதறி அதைத் திரும்ப இழுக்காமல் இருப்பதற்குத்தான் மூன்று வாரம் மணி அடித்தோம்.

எதுவுமே கேட்காத நாட்களும் வரும். அப்போது எனக்குச் சேர மன்னரும் நாயனாருமான சேரமான் பெருமாள் நினைவுக்கு வருவார். தினமும் பூஜை முடிவில் அவருக்குத் தில்லைக் கூத்தனின் சிலம்போசை கேட்கும். ஒரு நாள் கேட்கவில்லை, தவித்துப் போய்விட்டார். சுந்தரரின் பாட்டில் இறைவன் ஆழ்ந்துவிட்டதால் ஓசை தாமதமானது என்கிறது பெரியபுராணம். அவருடைய பூஜையில் ஒரு குறையும் இல்லை. இதை நினைத்துக்கொண்டு மிச்ச நேரத்தையும் உட்கார்ந்தே முடிப்பேன்.

அப்புறம், உடம்பு விஷயத்தில் அசட்டை வேண்டாம். ஒரு தடவை என் இடது காதில் இரண்டு மாதம் இடைவிடாமல் ஒரு ரீங்காரம் இருந்தது. சாதனை பலித்துவிட்டது என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கடைசியில் காது மருத்துவரிடம் போனபோது காதுக்குள் குறும்பி அடைத்திருந்தது தெரிந்தது. எடுத்த அன்றே ரீங்காரம் நின்றது. ஒரே காதில் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைசுற்றலோ கேட்கும் திறன் குறைவதோ கூடவே வந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். காதில் இரைச்சல் தொந்தரவு ஏற்கெனவே உள்ளவர்கள், அதைக் கவனிக்கக் கவனிக்க அவஸ்தை கூடினால் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு ஜபத்துக்குப் போகலாம். யாரோ பேசுவது போலச் சொற்கள் கேட்டால் அதை நாதம் என்று நினைக்க வேண்டாம். உட்காருவதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

முடிக்கும்போது சட்டென்று எழுந்துவிடாதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் மூடிய கண் மேல் வைத்து மூன்று மூச்சு. கண்ணைத் திறந்ததும் வெளியிலிருந்து முதலில் எந்தச் சத்தம் வருகிறதோ அதை ஒரு நிமிஷம், உள்ளே கேட்ட அதே காதால் கேளுங்கள். எனக்குப் பெரும்பாலும் மின்விசிறிதான். அதற்கும் ஒரு சுருதி இருக்கிறது, அந்தச் சுருதிக்குப் பின்னாலும் மெலிதாக ஒன்று. அதைக் கேட்டு முடித்த பிறகுதான் தம்புராவின் உறையைக் கழற்றுவேன்.