மேட்டூருக்கு மழைக்காலம் எப்போது? விலங்கு மிதவை உயிரி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணை நீரில் விலங்கு மிதவை உயிரிகள் (நீரோடு மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகள்) பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன என்பது விலங்கியல் மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு. வலை, மாதிரி கெடாமல் காக்கும் ஃபார்மலின், நுண்ணோக்கி இருந்தால் இறங்கிவிடலாம். ஆனால் பருவம் செய்த மாற்றம் என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு, மாதிரி எடுத்த விதம் செய்த மாற்றம்தான்.

மேட்டூரையே பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று அட்டவணையில் போட்டுவிடுகிறார்கள். மேட்டூருக்குப் பெருவெள்ளம் வருவதோ பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பினால் இங்கே மட்டம் ஏறும். பாசனத்துக்கான திறப்பும் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. எனவே இந்த உயிரிகளுக்குப் பருவம் என்பது காலண்டர் அல்ல. நீர்வரத்து, நீர் திறப்பு, நீர்மட்டம். மூன்றும் தினமும் செய்தித்தாளிலேயே வருகின்றன. ஒவ்வொரு மாதிரியோடும் அவற்றைக் குறித்து வையுங்கள். வெள்ளம் வந்த வாரத்தில் லிட்டருக்கு எண்ணிக்கை குறைந்தால் உயிரிகள் செத்துவிட்டன என்று பொருளில்லை. புது நீர் கலந்து அடர்த்தி குறைந்திருக்கலாம், மதகு வழியே போயுமிருக்கலாம்.

அப்புறம் வலை. ரோட்டிஃபர்கள் என்ற மிகச்சிறு மிதவை விலங்குகளில் பல 100 முதல் 200 மைக்ரான் நீளமே இருக்கும். 150 மைக்ரான் கண் உள்ள வலையில் அவை நழுவிவிடும். "ரோட்டிஃபர் குறைவு" என்ற முடிவு அந்த ஓட்டையிலிருந்து வருவது. 50 மைக்ரானுக்குப் போனால் வேறு தொல்லை: பாசி மண்டும் நாட்களில் வலை அடைத்துக்கொள்ளும். 30 சென்டிமீட்டர் வாயுள்ள வலையை 5 மீட்டர் இழுத்தால் கணக்குப்படி சுமார் 350 லிட்டர் வடிகட்டியிருக்க வேண்டும். அடைத்த வலையில் அதில் எவ்வளவு நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. பாசி நாட்களில் அளந்த நீரை வலையில் ஊற்றி வடிகட்டுவதே மேல்.

நேரமும் முக்கியம். இறாலைப் போன்ற நுண்ணிய ஓட்டுடலிகளான நீர்த்தெள்ளுகளும் கோப்பிபாடுகளும் பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலே வரும் பழக்கம் உள்ளவை. ஒரு மாதம் விடியற்காலையிலும் அடுத்த மாதம் நண்பகலிலும் மேற்பரப்பில் மட்டும் எடுத்தால் நீங்கள் அளப்பது பருவத்தை அல்ல, கடிகாரத்தை.

படகிலேயே ஃபார்மலின் ஊற்றிவிடுவது பரவலான பழக்கம். கெரடெல்லா போன்ற ஓடுள்ள ரோட்டிஃபர்கள் தாங்கும். மென்உடலிகள் உருண்டு சுருங்கி, எந்த இனமென்றே தெரியாமல் போகும். முதலில் கொஞ்சம் சோடா நீர் விட்டு மயங்கவைக்கலாம். ஒரு பகுதியை அன்றே உயிரோடு பார்த்துவிடுவது இன்னும் நல்லது. நீர்த்தெள்ளு வெறும் ஃபார்மலினில் ஊதிப்போய் முட்டைகளை உதிர்க்கும். சர்க்கரை கலந்தால் இது வெகுவாகக் குறையும்.

இனம் காண்பதில் ஒரு கண்ணி உண்டு. பிராக்கியோனஸ் கேலிசிஃப்ளோரஸ் என்ற ரோட்டிஃபரைத் தின்னும் ஆஸ்பிளாங்க்னா என்ற இன்னொரு ரோட்டிஃபர் அருகில் இருந்தால், அது நீரில் விடும் வேதிப்பொருளை உணர்ந்த தாய்களுக்கு நீண்ட பின்முட்கள் உள்ள குஞ்சுகள் பிறக்கும். முள்ளுள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டு இனமாக எழுதினால் இனப்பன்மை கூடியதாகத் தெரியும். இன்னொன்று, நாப்ளியஸைத் தனி இனம்போல ஒரு வரிசையில் போட்டு, இனப்பன்மையை அளக்கும் ஷானன் குறியீட்டில் சேர்ப்பது. அது கோப்பிபாடின் குஞ்சுப் பருவம், இனமல்ல. இந்தத் தவறு ஆய்வேடுகளில் சலிக்காமல் வருகிறது.

ஒரு மாதம் 40 உயிரிகளை எண்ணி, இன்னொரு மாதம் 400 எண்ணி இனங்களை ஒப்பிடுவதும் சரியில்லை. அதிகம் எண்ணினால் அதிக இனம் கிடைப்பது இயல்பு.

கடைசியாக, மே மாதப் பட்டியலில் இல்லாத இனத்தை "மறைந்தது" என்று எழுத அவசரப்படாதீர்கள். நீர்த்தெள்ளும் ரோட்டிஃபரும், நல்ல காலம் வரும்வரை பொரிக்காமல் காத்திருக்கும் உறங்குமுட்டைகளைச் சேற்றில் விட்டுவைக்கும். கரைச் சேற்றைக் கொஞ்சம் எடுத்து, நன்றாக வடிகட்டிய நீரில் வெளிச்சத்தில் வையுங்கள். பல சமயம் சில நாட்களில் பொரித்து வந்துவிடும். வராவிட்டாலும் "அன்று கிடைக்கவில்லை" என்று எழுதுவதே சரி.