ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்றால் முதலில் சுவிட்சை அணையுங்கள்

அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், போன தை மாதம் சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வந்தார். "தம்பி, நேத்து ராத்திரியில இருந்து பதினோரு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டேன், விண்டோஸ் வரமாட்டேங்கு. உள்ள மூணு கல்யாணம் கிடக்கு" என்றார்.

முருகன்குறிச்சியில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். அவர் சொன்னதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் பதினோரு தடவைதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகிறது. அதைப் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிட மிகச் சிறிய இடைவெளியில் மிதக்கிறது. ஹெட்டோ தட்டோ கெட்டுப்போன டிஸ்க்கை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மிச்சம் இருப்பதும் தேயலாம். அதனால் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றதும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு வேண்டியது மெஷினா, உள்ளே இருப்பதா? உள்ளே இருப்பதுதான் என்றால், மெஷினைச் சரிசெய்யும் வேலையை அப்படியே நிறுத்திவிடுங்கள். முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர்.

பூட் ஆகாததற்கெல்லாம் டிஸ்க்கே காரணம் என்றும் இல்லை. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கும் செட்டிங் திரைக்குள் போய் டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதோடு பூட் செட்டிங்கும் பழைய நிலைக்குப் போயிருக்கலாம். உவரி பக்கம் கடலோரத்திலிருந்து வரும் மெஷின்களில் உப்புக்காற்று பட்டு ரேம் காலெல்லாம் கறுத்திருக்கும், ரப்பர் வைத்துத் தேய்த்தாலே பல நேரம் ஓடிவிடும். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். இதெல்லாம் பத்து நிமிட வேலைதான்.

டிஸ்க்கின் மேல்தான் சந்தேகம் என்றால் காதைப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரின் முனையை டிஸ்க்கின் ஓரத்தில் மெதுவாக வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டினால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். நல்ல டிஸ்க் ஒரே சீராக ரீங்காரம் போடும். 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப அடித்தால், பெரும்பாலும் ஹெட் தன் இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். சுற்றாமலே முனகினால் சிக்கிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு சத்தத்துக்கும் வீட்டில் வைத்தியம் கிடையாது. உடனே அணைத்துவிட்டு, தூசியில்லாத அறை வைத்திருக்கும் ரிக்கவரி லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். டிஸ்க்கைத் திறந்து பார்க்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும்.

அண்ணாச்சியின் டிஸ்க் சீராகத்தான் ஓடியது. நடுநடுவே மூச்சுப் பிடித்ததுபோல் நின்று நின்று போனது. பேட் செக்டர், அதாவது தட்டில் அங்கங்கே படிக்க முடியாத இடங்கள். இதற்குத்தான் நாமே செய்யும் வழி இருக்கிறது.

இந்த நிலையில் எல்லாரும் செய்கிற தவறு, விண்டோஸ் கேட்கும் ரிப்பேருக்குச் சரி கொடுப்பது. அந்த ரிப்பேர் புரோகிராமான செக்டிஸ்க் ஓடினால் டிஸ்க் முழுவதையும் உழுது, ஃபைல் கணக்கையும் மாற்றி எழுதும். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அது பெரிய பாரம். ரிக்கவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வதும் அப்படித்தான்.

பழைய டிஸ்க்கைவிடப் பெரிய ஒரு நல்ல டிஸ்க் வாங்குங்கள். அது என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் ஆகியிருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், வேறு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற புரோகிராமை வைத்து லினக்ஸ் மின்ட் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்தே ஓடும் சிஸ்டம் அது. ஆன் செய்ததும் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டிப் பென் டிரைவில் பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் ஐகானைத் தொட வேண்டாம். பழைய டிஸ்க்கையும் கிளிக் செய்து திறக்க வேண்டாம்.

அடுத்து வருவதுதான் கவனமான இடம். எது பழையது, எது புதியது என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. இரண்டின் சீரியல் நம்பரிலும் கடைசி நான்கு எழுத்தைத் தாளில் எழுதி, திரையில் வருவதோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் நான் என்டர் தட்டுவேன். டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே எழுதி வைக்கும் கணக்கைக் காட்டும் புரோகிராம் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல். அதில் 5, 197, 198 ஆகிய எண்களின் கணக்கைப் பாருங்கள். அவை ஏறியிருந்தால் தட்டு கெட்டிருக்கிறது. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான்.

பிரதி எடுக்க டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் புரோகிராம். பேக்கேஜ் பெயரில் மட்டும் முன்னால் ஒரு 'ஜி' சேர்த்துத் தேட வேண்டும். அதற்கு மூன்று கொடுக்க வேண்டும்: பழைய டிஸ்க், புதியதில் உருவாகப்போகும் இமேஜ் ஃபைல் (பழைய டிஸ்க் முழுவதன் நகலும் ஒரே ஃபைலாக), ஒரு மேப் ஃபைல். மேப் ஃபைலை விட்டுவிடாதீர்கள். எதுவரை படித்தது, எங்கே படிக்க முடியவில்லை என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கும். முதல் ஓட்டத்தில் 'ஸ்கிரேப் வேண்டாம்' என்ற ஆப்ஷன் போட்டால், கெட்ட இடத்தோடு மல்லுக்கட்டாமல் நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். இரண்டாம் ஓட்டத்தில் கெட்ட இடங்களுக்குத் திரும்பிப் போகலாம்.

அண்ணாச்சியின் 500 ஜிபிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டேன். டிஸ்க் சூடாகாமல் இருக்கப் பக்கத்தில் டேபிள் ஃபேன் ஓடியது. ராத்திரி பத்துக்குள் பெரும்பகுதி வந்துவிட்டது. இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கால் மணி நேரத்தில் விழுந்துவிட்டது. காலையில் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன். மேப் ஃபைலைப் பார்த்து விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. கடைசியில் 41 எம்பி மட்டும் வரவேயில்லை.

அதன் பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டேன். இனி எல்லா வேலையும் இமேஜில்தான். பார்ட்டிஷன் (சி, டி என்று பிரித்த பகுதி) காணவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க், ஃபோல்டரே சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக், இரண்டும் மீட்டெடுக்கும் புரோகிராம்கள். ஃபோட்டோரெக்கில் படம் வரும், ஃபைல் பெயர் பெரும்பாலும் வராது. புது லேப்டாப்பில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால், அதன் 48 இலக்க எண் இல்லாமல் டிஸ்க் திறக்காது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள். சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி இப்படிச் சத்தமெல்லாம் கொடுக்காது, ஒரு நாள் திடீரென்று காணாமலே போய்விடும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தபோது நனைந்த டிஸ்க்குகளை நிறையப் பேர் வெயிலில் காயவைத்து ஆன் செய்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. தண்ணீர் அது வழியே உள்ளே போய்விடும். நனைந்த டிஸ்க்குக்குக் கரண்டே கொடுக்காதீர்கள், நேராக லேபுக்கு அனுப்புங்கள்.

அண்ணாச்சிக்கு இரண்டு கல்யாணம் முழுதாக வந்தது. மூன்றாவதில் 19 படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகவே நின்றன. அதில் ஒன்று தாலி கட்டும் நேரத்துப் படம். நல்லவேளை, அதற்கு முந்தைய கிளிக் பிழைத்திருந்தது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். நகலை இரண்டு டிஸ்க்கில் வாங்கிக்கொண்டார், ஒன்று ஸ்டூடியோவுக்கு, மற்றொன்று கடையத்தில் தங்கச்சி வீட்டுக்கு. பழைய டிஸ்க்கை ஆல்பம் கைமாறும்வரை பத்திரமாக வைக்கச் சொன்னேன். அப்புறம் காயலான் கடைக்குப் போடுமுன் தட்டுவரை இறங்கும்படி டிரில்லால் நாலு ஓட்டை போட வேண்டும். ஊரார் வீட்டுக் கல்யாணப் படம் அல்லவா அதில் இருக்கிறது.