பழைய அம்பாசடரில் கண்ணுக்குத் தெரியாமல் ஸ்பீக்கர் பொருத்துதல்
கதவின் உட்புறத்தை மூடும் அசல் அட்டைகளை வெட்டாதிருப்பதே முதல் விதி. வெட்டிவிட்டால் வண்டியின் மதிப்பும் குறையும். பின்னிருக்கைக்குப் பின்னாலுள்ள தட்டே பொருத்தமான இடம் என்பதால், 6×9 அங்குல ஸ்பீக்கர்களை 12 மி.மீ. பிளைவுட்டில் திருகி, டிக்கி மூடியின் கீல்கள் ஸ்பீக்கரின் பின்புறக் காந்தத்தில் இடிக்காதபடி ஆழத்தை அளந்து, ஒலி ஊடுருவும் மெல்லிய துணியை மேலே இழுத்து ஒட்ட வேண்டும். பலகையின் ஓரங்களில் இடைவெளி இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரானாலும் தாழ்சுருதி (பேஸ்) அடங்கிப்போகும். முன்பக்கத்துக்கு, டாஷ்போர்டின் அடியில் மறைத்த 4 அங்குல ஸ்பீக்கர்களே போதும்.

வயரிங்கைத் தொடங்குமுன், பேட்டரியின் எந்த முனை வண்டியின் உலோக பாடியுடன் இணைக்கப்பட்டுள்ளது என்பதைச் சோதிக்கவும். மிகப் பழைய வண்டிகளில் நேர்முனை இணைக்கப்பட்டிருக்கலாம். இன்றைய ஆம்ப்ளிஃபயர் எதிர்முனை பாடியுடன் இணைந்த வண்டிகளுக்கானது என்பதால், அதை இந்த வண்டிகளில் அப்படியே இணைத்தால் அது கருகிவிடும். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.